எண்ணாத மூச்சு

பதினொன்று, பன்னிரண்டு என்று வந்தபோது குருவம்மாள் இருமினாள். இருமலை ஒரு மூச்சாகச் சேர்ப்பதா, இரண்டாகச் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அல்லது இருந்து அவள் படிக்காமல் விட்டிருக்கலாம், அப்படித்தான் இருக்கும், எல்லாரும் படித்த பக்கத்தை அவள் மட்டும் விட்டிருப்பாள். அதற்குள் நெஞ்சு இன்னும் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது. பதினான்கா, பதினைந்தா. கைக்கடிகாரத்தில் நொடிமுள் எங்கே புறப்பட்டது என்பதும் மறந்துபோயிற்று. நான்கிலிருந்தா, ஐந்திலிருந்தா. மறுபடியும் முதலிலிருந்து. பெண்கள் சர்ஜிக்கல் வார்டு, பத்தாம் எண் கட்டில், காலை பத்து இருபது. அவளுடைய மூன்று விரல்கள் குருவம்மாளின் மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல இருந்தன. நாடி பார்த்து முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது, நூற்றுப் பன்னிரண்டு. இப்போது பார்ப்பது மூச்சை. மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும், ஆகவே நாடி பிடித்த கையை விடாமல் பார்வையை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்த வேண்டும் என்று முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நர்சிங் படிப்பில் அவளுக்குப் பிடித்த ஒரே திருட்டுத்தனம் அதுதான். ஆனால் அவ்வளவு பிடித்த வேலையை இந்த மூன்றாம் வருஷம் வரைக்கும் உண்மையில் எத்தனை முறை செய்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? யாரும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"என்ன பாப்பா, பிடிச்ச கைய விடமாட்டேங்குற? ஜோசியம் கீசியம் பாக்குறியா?" என்றாள் பூங்காவனம். குருவம்மாளின் தங்கை. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து மூன்று நாளாகத் துணைக்கு இருப்பவள். வார்டில் யாருக்கு என்ன ஆபரேஷன், யார் மாமியார் வந்து பார்க்கவில்லை என்பதெல்லாம் ஸ்டாஃப் நர்சைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "எங்கக்காவுக்கு ரெண்டாங் கல்யாணம் கையில இருந்தா இப்பவே சொல்லிடு. மாமங்கிட்ட நான்தான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்." ஒன்பதாம் கட்டில்காரி தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குருவம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் சிரிப்பிலேயே இருக்க, நெஞ்சு மட்டும் அதைவிட்டுவிட்டுக் காற்றைத் தேடிப் போனது. "சும்மா இருடி. நீ எழுதிடு பாப்பா. நாளைக்கு வீட்டுக்குப் போவணும். வெள்ளிக்கிழமை புது வீட்டுல பால்..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கி, "காய்ச்சறோம்" என்று முடித்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்பு இதே வாக்கியத்தைச் சொன்னபோதும் பாலுக்கும் காய்ச்சுவதற்கும் நடுவில் இதே இடைவெளி. அதைக் கேட்டுத்தான் அனுசுயா எண்ணவே தொடங்கினாள். தொகுப்பு வீடு, மூன்று வருஷமாகக் கட்டி இப்போதுதான் மேலே தளம் போட்டு முடிந்தது, ஹெர்னியா ஆபரேஷனையே தேதி பார்த்து அதற்கு முன்னால் வைத்துக்கொண்டார்களாம். பால் காய்ச்ச வேண்டியவள் அவள்தான். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு கதவு. பதினோரு மணிக்கு சீஃப் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் டி.பி.ஆர். தாளைப் பார்ப்பார். காய்ச்சல், நாடி, மூச்சு, மூன்றும் சரியாக இருந்தால் நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இன்னும் நாற்பது நிமிஷம்.

அந்தத் தாளில் இன்றைக்கான மூச்சுக் கட்டத்தில் ஏற்கெனவே இருபது என்று எழுதியிருந்தது. எழுதியது அனுசுயாதான். எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை தனக்கு ஒதுக்கிய ஆறு கட்டில்களின் தாள்களையும் ஒன்றாக அடுக்கி வைத்து, ஆறிலும் தேதி போட்டு, ஆறிலும் இருபது போட்டாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் வேண்டும், முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு இரண்டுதான் உண்டு, காத்திருக்க வேண்டும். பிரஷர் மெஷினுக்கு இன்னொரு காலேஜ் பெண்களோடு சண்டை போட வேண்டும். நாடிக்குக் கையையாவது தொட வேண்டும். மூச்சுக்கு ஒன்றும் வேண்டாம், பேனா போதும். ஆகவே தினமும் அந்தக் கட்டம்தான் முதலில் நிரம்பும். பொய் எழுதுகிறோம் என்று யாருக்கும் தோன்றாது. பொய் சொல்லும்போது வயிற்றில் ஒரு சின்னக் கூச்சம் வருமே, அதுகூட வராது. தாளுக்குக் கோடு போடுவதுபோல, அதுவும் தாளின் ஒரு பகுதி. நேற்றும் அவள்தான். முந்தாநாள், உடன் படிக்கும் பெனிட்டா. சாயங்காலங்களில் ஸ்டாஃப் நர்ஸ்கள். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது. நான்கு கையெழுத்தில் ஒரே எண். ஒருவர்கூடப் பதினெட்டு என்று எழுதவில்லையே என்று இப்போது பார்க்கும்போது சிரிப்புக்கூட வந்தது. எங்கிருந்து வந்தது இந்த இருபது? முதல் வருஷ லேபிலிருந்து. அங்கே கட்டிலில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மைக்கு சீனியர்கள் கோமளா என்று பெயர் வைத்திருந்தார்கள். கோமளாவுக்குத் தலை வாருவது, கோமளாவுக்கு முதுகு துடைப்பது, கோமளாவைத் திருப்பாமல் விரிப்பு மாற்றுவது, எல்லாம் கோமளாதான். அன்றைக்கு டி.பி.ஆர். செய்முறை. அனுசுயா கோமளாவின் ரப்பர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சையே பார்த்தாள், ஒரு முழு நிமிஷம், உண்மையாகவே பார்த்தாள், பிறகு எழுந்து நின்று, "மேடம், பொம்மைக்கு மூச்சு இல்லையே, என்ன எழுதறது?" என்று கேட்டாள். லேபே சிரித்தது. கிளாடிஸ் மேடம் சிரிக்கவில்லை, அலுத்துக்கொண்டார். "நார்மல் எழுதும்மா. இதையெல்லாமா எழுந்து நின்னு கேட்பாங்க?" இருபது என்று எழுதினாள். பக்கத்தில் பச்சை மசியில் டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் எந்த வகுப்பிலும் எழுந்து நின்று எதையும் கேட்கவில்லை. கோமளாவின் இருபதுதான் இன்றுவரை ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முள் பன்னிரண்டுக்கு வந்தது. ஒன்று. புடவைத் தலைப்பு விலகாமல் இருக்க வேண்டுமே. இரண்டு. மூன்று. மேல்மூச்சு, தோள்பட்டையும் சேர்ந்து எழும்புகிறது, இது நல்லதில்லை என்று படித்திருக்கிறாள். நான்கு. ஐந்து. கழுத்துக்குழி உள்ளே போகிறதா, போவதுபோல இருக்கிறதா? ஆறு. பார்க்க வேண்டும் என்று பார்த்தால் எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரியும். முதல் வருஷத்தில் ஒவ்வொரு பாடம் நடத்தும்போதும் அந்தந்த நோய் அவளுக்கே இருந்தது. எட்டு. ஏழு எங்கே போனது? எட்டு என்றே வைத்துக்கொள்வோம். இல்லை, வைத்துக்கொள்ளக் கூடாது, வைத்துக்கொண்டதால்தான் இங்கே வந்து நிற்கிறோம். ஒன்பது. அவளுடைய பிறந்தநாள் ஜூன் ஐந்து. அதுவும் ஒருவர் வைத்துக்கொண்டதுதான். பள்ளியில் சேர்க்கப் போன அன்றைக்கு அப்பாவுக்குத் தேதி தெரியவில்லை. ஐப்பசி மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போன வாரம் என்று மட்டும் சொன்னாராம். ஹெட்மாஸ்டர் அதை ஜூன் ஐந்து என்று எழுதிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள் ஜூன் முதல் வாரத்தில் பிறந்திருந்தார்கள். போன வருஷம் ஹாஸ்டலில் ஜூன் ஐந்தாம் தேதி பெனிட்டா கேக் வாங்கி வந்து மூக்கில் தடவினாள். அனுசுயாவும் சிரித்தாள், போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் வேறு யாருடைய கேக்கையோ சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் போகவில்லை. அப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வாக்காளர் அட்டையில் அவருக்கு எட்டு வயது கூட்டிப் போட்டுவிட்டார்கள்; அன்றிலிருந்து வயது கேட்டால் அட்டையில் இருப்பதைத்தான் சொல்வார், முழங்கால் வலி வந்தால்கூட "அம்பத்தெட்டாயிடுச்சுல்ல" என்பார். எழுதியிருந்தால் உண்மை. எழுதத் தெரிந்தவர் பொய்யாக எழுதுவார் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. விடுமுறைக்குப் போனபோது அவளுடைய ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்து, ஒரு வரியும் படிக்கத் தெரியாமல் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "எல்லாம் நீ எழுதினதா?" "ஆமாப்பா." "எல்லாம் ஆஸ்பத்திரில பாத்துப் பாத்து எழுதினதா?" "ஆமாப்பா." மறுபடி எண்ணிக்கை நழுவிவிட்டது. பதினெட்டா, இருபத்தொன்றா. முள் ஆறைத் தாண்டியிருந்தது.

மூன்றாம் முறை விரலை மடித்து எண்ணினாள். இடது கை மணிக்கட்டில், வலது கை முதுகுக்குப் பின்னால், பத்துக்கு ஒரு விரல். மனசு என்ன சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டாள். ரவுண்ட்ஸ் வந்துவிடும் என்றது. எண்ணினாள். மேடம் வந்துவிடுவார் என்றது. எண்ணினாள். ஆஸ்பத்திரி இல்லாத காலேஜ் நம்முடையது, இந்த அரசு ஆஸ்பத்திரியில் போஸ்டிங் பர்மிஷன் வாங்க பிரின்சிபால் எத்தனை முறை வந்து உட்கார்ந்திருக்கிறார் தெரியுமா, ஒரு புகார் போனால் மொத்த பேட்சும் வெளியே என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயரில் சொல்வது ஞாபகம் வந்தது. எண்ணினாள். மூன்று விரல் மடங்கியது. முள் பன்னிரண்டைத் தொட்டபோது முப்பத்திரண்டு. உடனே தோன்றியது நிம்மதி, ஒரு எண் கிடைத்துவிட்ட நிம்மதி. அதற்கு அடுத்த நொடியே அந்த எண் என்ன என்பது புரிந்தது. முப்பத்திரண்டு. தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்தில் இருபது அழகாக, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, சந்தேகமே இல்லாமல் நின்றது. "முடிஞ்சுதா பாப்பா? எல்லாம் நல்லாத்தானே... இருக்கு?" என்றாள் குருவம்மாள். அனுசுயா, "இருங்கம்மா, சிஸ்டர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வளர்மதி சிஸ்டர் மேஜையில் நான்கு கேஸ் ஷீட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, தியேட்டருக்கு அனுப்ப வேண்டிய பெண்ணின் தாலியைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று தீர்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்டுக்குக் காலையில் இரண்டே சிஸ்டர்கள். "சிஸ்டர், பத்தாம் நம்பர், ரெஸ்பிரேஷன் முப்பத்திரண்டு." சிஸ்டர் நிமிரவில்லை. "பேசிக்கிட்டு இருந்திருப்பா. அந்தத் தங்கச்சிக்காரி வாயை மூடவிட மாட்டா. திரும்ப எண்ணு." "மூணு தடவை எண்ணிட்டேன் சிஸ்டர். பல்ஸும் நூத்திப் பன்னெண்டு." இப்போது நிமிர்ந்தார். போனைக் கீழே வைத்தார். "பல்ஸ் ஆக்சிமீட்டரை ஐ.சி.யூ.க்கு வாங்கிட்டுப் போனவங்க இன்னும் கொண்டுவரல. போய் வாங்கிட்டு வரச் சொல்றேன். நீ அவளைச் சாய்ச்சு உக்கார வை. ரவுண்ட்ஸ்ல சீஃப்கிட்ட நானே சொல்றேன்." சொல்லியாகிவிட்டது. பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். திரும்பப் போகும்போது சிஸ்டர் கூப்பிட்டார். "ஏய் ஸ்டூடண்ட், நேத்து எவ்வளவு இருந்துச்சு?" அனுசுயா நின்று திரும்பினாள். "இருபது சிஸ்டர்," என்றாள். தாளில் இருந்ததைத்தான் சொன்னாள். தாளில் இருந்ததை மட்டும்தான் சொன்னாள். அப்பாவின் மகள்.

பெனிட்டாவிடம் ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. பெனிட்டா பதிமூன்றாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள், மூலையை உறைபோல மடித்துச் செருகுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேட்டுவிட்டு, "லூசாடி நீ? இன்னிக்கு எட்டு மணிக்கே இருபது போட்டு வெச்சிருக்க, இப்ப முப்பத்திரண்டுன்னு சொல்ற. அப்ப நேத்து இருபதுன்னு யாருடி எண்ணினா?" என்றாள். "யாரும் எண்ணல." "அதைச் சத்தமா சொல்லு, கிளாடிஸ் மேடத்துக்குக் காது கேக்கட்டும்." பிறகு விரிப்பை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குக் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம், அவள் உண்மையாகவே உதவத்தான் பார்த்தாள். "இங்க பாரு அனு. அழுக்குத் தாளு, கஞ்சி கொட்டிடுச்சுன்னு சொல்லி புதுத் தாள்ல எழுதிடு. காய்ச்சல், நாடியெல்லாம் அப்படியே எழுது. மூச்சு மட்டும் முந்தாநாள் இருபது, நேத்துக் காலைல இருபத்திரண்டு, சாயந்தரம் இருபத்தாறு, இன்னிக்கு முப்பத்திரண்டு. அழகா ஏறும். யாருக்கும் பிரச்சினை இல்ல, அந்தம்மாவுக்கும் ட்ரீட்மெண்ட் கிடைச்சிடும்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் தாளையும் எடுத்து வந்து கையில் கொடுத்தாள். எல்லாம் சரிதானே. யோசித்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

குருவம்மாளைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தாள். "இப்படி உக்காந்தா கொஞ்சம் தேவலாமா இருக்கும்மா." "எனக்கென்ன பாப்பா. கால்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு... நேத்துலேர்ந்து. படுத்தே கெடக்கேன்ல." பூங்காவனம் அக்காவின் கெண்டைக்காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கப் போனாள். "வேண்டாங்க, அமுக்காதீங்க" என்று அனுசுயா சொன்ன வேகத்தில் பூங்காவனம் கையை எடுத்துவிட்டாள். ஏன் சொன்னோம் என்பது ஒரு நொடி கழித்துத்தான் அனுசுயாவுக்கே எட்டியது. கால் நரம்பில் ரத்தம் கட்டினால் அது நுரையீரலுக்குப் போகலாம். எங்கே படித்தாள் என்பதுகூட ஞாபகம் இருந்தது, இரண்டாம் வருஷப் புத்தகத்தில் இடதுபக்கம், கீழே, ஒரு கட்டத்துக்குள். பரீட்சையில் ஐந்து மதிப்பெண். ஆபரேஷனுக்குப் பின் இதை முதலில் காட்டிக்கொடுப்பது எது என்று கேள்வி. மூச்சின் எண்ணிக்கை என்று எழுதி ஐந்துக்கு நாலரை வாங்கினாள். எழுதிய அதே கைதான். கட்டிலின் ஓரத்தில் புதுத் தாளை வைத்துப் பெயர் எழுதினாள், குருவம்மாள், 46, பெண். கட்டில் பத்து. ஹெர்னியா. முந்தாநாள், நேற்று, இன்று என்று தேதி போட்டாள். காய்ச்சலைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நாடியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். மூச்சுக் கட்டத்துக்கு வந்தாள். இருபது. சரி, அது பெனிட்டாவுடையது. அடுத்த கட்டம், நேற்றுக் காலை. இருபத்திரண்டு. பேனா தாளைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. நேற்றுக் காலை இந்தம்மா எப்படி மூச்சு விட்டாள்? நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது ஞாபகம் இருந்தது. கேண்டீனில் தோசை தீய்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. ஏழாம் கட்டில் பெண் அழுதது ஞாபகம் இருந்தது. குருவம்மாள் நேற்று எப்படி மூச்சு விட்டாள் என்பது மட்டும் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. நேற்றே முப்பதாக இருந்திருக்கலாம். நேற்று உண்மையிலேயே இருபதாக இருந்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அழகாக ஏறும் ஒரு படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தால் சீஃப் அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் யோசிப்பார். இல்லாத படிக்கட்டு. கோமளா மட்டும்தான் நாம் எழுதியபடி மூச்சு விடுவாள்.

தூரத்தில், முதல் கட்டிலருகே, செருப்புச் சத்தங்கள் கேட்டன. ரவுண்ட்ஸ். கூடவே கிளாடிஸ் மேடத்தின் வெள்ளைக் கோட்டும் தெரிந்தது, இன்றைக்கு மதிப்பெண் போடும் நாள். அனுசுயா புதுத் தாளை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். பழைய தாளை எடுத்தாள். தப்பாக எழுதியதை மை வைத்து அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணமும் பெயரும் எழுத வேண்டும். இதுவும் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்ததுதான், யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. நேற்றைய இருபதின் மேல் ஒரு கோடு. எண்ணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அனுசுயா, மூன்றாம் வருஷம். இன்றைய இருபதின் மேல் ஒரு கோடு. மேலே முப்பத்திரண்டு, மணி பத்து முப்பத்தைந்து, எண்ணியது. மற்ற இருபதுகளை அவள் தொடவில்லை, அவை அவளுடையவை அல்ல. எழுதி முடித்ததும் தாள் அசிங்கமாக இருந்தது. அவளுடைய ரெக்கார்டுகளில் இவ்வளவு அசிங்கமான பக்கம் ஒன்றுகூட இருந்ததில்லை. பதிமூன்றாம் கட்டிலிலிருந்து பெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

சீஃப் பத்தாம் கட்டிலுக்கு வந்தபோது வளர்மதி சிஸ்டர் முந்திக்கொண்டு சொன்னார். "சார், நேத்து வரைக்கும் ரெஸ்பிரேஷன் நார்மல். இன்னிக்கு முப்பத்திரண்டு." சீஃப் தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நேத்து நார்மலா? இங்க அடிச்சிருக்கே. யாரு இது அனுசுயா?" கை தூக்குவதா, முன்னால் வருவதா என்று தெரியாமல் அவள் பாதிக் கையைத் தூக்கினாள். "நான்தான் சார். நேத்து நான் எண்ணல. சும்மா எழுதினது." வளர்மதி சிஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில், என்னிடம் ஏன் இருபது என்று சொன்னாய் என்பது இருந்தது. கிளாடிஸ் மேடம் தன் கையிலிருந்த மதிப்பெண் நோட்டை மூடினார். சீஃப் அதற்குள் குனிந்து குருவம்மாளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கெண்டைக்காலை விரலால் தொட்டார். குருவம்மாள் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டாள். "எப்போலேர்ந்தும்மா மூச்சு இப்படி வாங்குது?" "தெரியலைங்களே. நேத்து ராத்திரி... முந்தாநாளோ..." சீஃப் நிமிர்ந்து, ஆக்சிஜன், இ.சி.ஜி., எக்ஸ்ரே, மெடிசின் டாக்டரைக் கூப்பிடு, காலை யாரும் அமுக்கக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். வளர்மதி சிஸ்டர் ஓடிக்கொண்டே எழுதினார். "நாளைக்கு டிஸ்சார்ஜுன்னு..." என்று பூங்காவனம் தொடங்கினாள். "வீட்டுப் பேச்சே வேண்டாம்மா இப்ப." "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறதுங்க. பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு." சொல்லிவிட்டு பூங்காவனம் அக்காவின் காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். குருவம்மாள் யாரையும் திட்டவில்லை. அனுசுயாவைத்தான் பார்த்தாள். "நேத்து நல்லாருக்குன்னுதானே... பாப்பா எழுதின?"

ஆமாம்மா என்பதா, இல்லைம்மா என்பதா. இரண்டும் உண்மைதான். "பன்னிரண்டு மணிக்கு என்னை வந்து பார். லாக் புக்கை எடுத்துட்டு வா," என்றார் கிளாடிஸ் மேடம், அவளுக்கு மட்டும் கேட்கும்படியாக. லாக் புக். அதில் மூன்று வருஷ இருபதுகள் இருந்தன. இரண்டு வாரப் போஸ்டிங்கைக் கோடை விடுமுறையில் மறுபடி செய்யச் சொல்வார்களோ, பிரின்சிபாலிடம் போகுமோ, வீட்டுக்கு போன் போகுமோ, அப்பா போனை எடுத்து, எம் பொண்ணு தப்பா எழுத மாட்டாளேங்க என்பாரோ. அங்கேயே நின்றது மனசு, அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்திலேயே சுற்றிச் சுற்றி நின்றது. அதற்குள் ரவுண்ட்ஸ் பதினோராம் கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சீஃப் தாளை எடுத்து ஒரு நொடி பார்த்தார். "டி.பி.ஆர். எல்லாம் நார்மல்" என்று கீழே வைத்தார். அது அவளுடைய தாள். வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த இருபது. ஏழு, எட்டு, ஒன்பதிலும் இதைத்தான் படித்துவிட்டு வந்திருப்பார், அவள் கவனிக்கவே இல்லை. சும்மா இருந்துவிடலாம். இன்றைக்கு இது போதும் என்று எந்த மனுஷரும் சொல்வார். "சார்," என்று அவளுக்கே கேட்காத குரலில் ஒன்று வந்தது. பிறகு கொஞ்சம் பெரிதாக: "சார், அதையும் நான் எண்ணல." சீஃப் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, அலுப்பு இருந்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை. "அப்ப எண்ணு," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள், அல்லது இருமினார்கள். பத்தாம் கட்டிலுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அனுசுயா பதினோராம் எண் தாளில் ஒரு கோடு போட்டாள். படுத்திருந்த பெண்ணின் மணிக்கட்டில், நாடி பார்ப்பதுபோல, மூன்று விரல்களை வைத்தாள். விரல் பட்டதும் அந்தப் பெண் கண் திறந்து, "என்ன சிஸ்டர்?" என்றாள். "ஒண்ணுமில்லை, நாடிதான் பாக்குறேன்." நொடிமுள் ஒன்பதில் இருந்தது. பன்னிரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது.

ஒன்று.